பசலி முடியும் முன்: மதுரைப் பக்கம் ஆறு நாள்

முதல் நாள், ஞாயிறு: மாட்டுத்தாவணி

அதிகாலை 3 மணிக்கு மாட்டுத்தாவணி மீன் மார்க்கெட் வாசலில் நின்று வண்டிகளின் நம்பர் பலகையைப் பார்த்தால் போதும், மதுரைக்கு இன்று எந்தக் கடல் படியளக்கிறது என்று தெரிந்துவிடும். மே மாதக் கடைசி வாரம். கேரளப் பதிவெண் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ராமேசுவரம், பாம்பன், தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்திருப்பவை குட்டியானைகள்தான். அவற்றிலும் பாதிப் பெட்டி காலி.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது. தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகும் வள்ளமும் போகலாம். ஆனால் அந்த மீன் கரையிலேயே கைமாறிவிடும், 170 கிலோமீட்டர் தாண்டி மதுரைக்கு வருவது கொஞ்சம். வருகிற கொஞ்சமும் நல்ல மீன்: விளமீன், பாறை, நகரை, கணவாய், நண்டு. விசைப்படகு கொண்டுவரும் காரலும், கோழித் தீவனத்துக்குப் போகும் சங்காயமும் இப்போது கண்ணில் படாது.

தடை இல்லாத மாதங்களில் மதுரை மார்க்கெட்டின் வாரம் ராமேசுவரத்தைப் பார்த்தே நடக்கும். விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் பாக் விரிகுடாவில் இறங்கினால் இழுவைமடி நாட்டுப்படகின் வலையை அறுத்துக்கொண்டு போய்விடும். அதனால் நாளைப் பிரித்துக்கொண்டார்கள். திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மற்ற நான்கு நாள் நாட்டுப்படகுக்கு. காலையில் டோக்கன் வாங்கிப் போகும் விசைப்படகு மறுநாள் காலை கரை சேரும். ஆகவே மதுரையில் செவ்வாய், வியாழன், ஞாயிறு சரக்கு அதிகம். சனிக்கிழமைக் கடல் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குப் பொருந்தியது தற்செயலா என்று கேட்டால் மண்டிக்காரர் சிரிக்கிறார்.

‘மீன்கள் முட்டையிடும் காலம், அதனால் தடை’ என்று எல்லாரும் சொல்வது பாதி உண்மை. நம் கடல் போன்ற வெப்பக் கடலில் எல்லா மீனும் ஒரே மாதத்தில் முட்டையிடுவதில்லை. பல இனங்கள் ஆண்டில் இரண்டு மூன்று முறை இடும். தடையின் நிச்சயமான பலன், அத்தனை படகும் இரண்டு மாதம் டீசல் எரிக்காமல், கடல் தரையை வாராமல் கரையில் நிற்பது. ஜூன் 15க்குப் பிறகு முதல் ஓட்டத்தில் எல்லார் மடியும் நிறையும், எல்லாருக்கும் நிறைவதால் விலை விழும், வளராத மீனும் கூடவே வாரிக்கொண்டு வரும். நாள் கணக்கு மட்டும் இதைத் தடுக்காது, வலைக் கண்ணியின் அளவையும் மீனின் நீளத்தையும் அளக்க வேண்டும். மத்தி 10 செ.மீ., அயிலை 14 செ.மீ.க்குக் கீழே பிடிப்பது கேரளத்தில் குற்றம். அந்த மத்தி இங்கே வந்து ‘சாளை’ என்று பெயர் மாறி விற்கும்போது ஸ்கேல் வைத்துப் பார்க்க ஆளில்லை.

இன்னொரு கணக்கு. மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளம் மட்டும் ஜூன் 9 நள்ளிரவில் தொடங்குகிறது. அப்படியானால் ஜூன் 10 முதல் 14 வரை ஐந்து நாள் இந்தியாவின் இரண்டு கரையிலும் விசைப்படகு கிடையாது. அந்த ஐந்து நாளில் ‘இன்னிக்கி வந்ததுண்ணே’ என்று யாராவது பெரிய மீனைத் தூக்கிக் காட்டினால், நாட்டுப்படகு மீனா, குளிர்கிடங்கு மீனா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஃபார்மலின் பயம் இந்தச் சமயத்தில்தான் கூடும். கொச்சியிலுள்ள மத்திய மீன் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தாள் இருக்கிறது. தாளை மீனின் தோலில் தேய்த்து, மேலே ஒரு சொட்டு கரைசல் விட்டு, நிறம் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை. ஆனால் மார்க்கெட்டில் உண்மையாகவே அதிகம் கெட்டுப்போவது ஐஸ் கோளாறால். நம் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும். அடியில் ஐஸ், ஒரு அடுக்கு மீன், மறுபடி ஐஸ், மேலே மூடாக்காக ஐஸ். லாபம் பார்த்து அரைக்கு அரை போடுகிறார்கள். பெட்டியின் அடித் துளை அடைத்துக்கொண்டால் உருகிய தண்ணீரும் ரத்தமும் வடியாமல் கீழ் அடுக்கு மீன் அதிலேயே ஊறும். மேலடுக்கைப் பார்த்து வாங்கிய சில்லறை வியாபாரி கரிமேட்டுக் கடையில் பெட்டியைக் கவிழ்க்கும்போதுதான் அது தெரியும்.

இந்தப் பயணத்துக்கான கேள்வி மார்க்கெட்டின் இன்னொரு மூலையில் கிடந்தது. கடல் அடைத்திருக்கும் 61 நாளும் கண்மாய் மீனுக்கு ராஜயோகமாக இருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில்தான் கண்மாய்களும் வற்றி மீனை அள்ளுகிறார்கள். ஆனால் இங்கே இரண்டு கிலோ கட்லா ஆந்திராவிலிருந்து வந்து இறங்குகிறது. மதுரைக் கண்மாய்க் கட்லா என்று கிடப்பது அரைக் கிலோகூட இல்லை. ஆயிரத்துக்கு மேல் கண்மாய் உள்ள மாவட்டம்; இங்கே மீன் ஏன் வளரவில்லை?

இரண்டாம் நாள், திங்கள்: வைகை அணை

ஆண்டிபட்டி வழியாக அணைக்கு. 1959இல் திறந்த அணை. உயரம் 111 அடி, தேக்குவது 71 அடி. நிறைந்தால் நீர்ப்பரப்பு சுமார் 2,400 ஹெக்டேர். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கத் தண்ணீர் விட்ட பிறகு நீர்மட்டம் இறங்கி, கரையோரம் வெடித்த வண்டலாகக் கிடக்கிறது.

விடியலில் பரிசல்கள் திரும்புகின்றன. பரிசலுக்கு இரண்டு பேர். சாயங்காலம் செவுள்வலை விரித்துவிட்டு விடியலில் தூக்குவார்கள். இன்று வந்ததில் முக்கால்வாசி ஜிலேபி. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன் இது. தாய் முட்டையை வாயிலேயே அடைகாப்பதால் குஞ்சு பிழைக்கும் விகிதம் அதிகம். மூன்று மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும், நெருக்கம் கூடினால் கையளவிலேயே நின்றுவிடும். ஜிலேபியைத் திட்டாத மீன்வள அறிக்கை இல்லை. ஆனாலும் யாரும் குஞ்சு விடாமல், யாரும் ஏலம் கேட்காமல் ஏழை வீட்டுச் சட்டிக்கு வந்து சேரும் மீன் இது ஒன்றுதான் என்பதையும் சொல்ல வேண்டும்.

அணை மீனை நிர்வகிக்க மூன்று வழி உண்டு. ஒன்று பங்கு முறை: பிடித்த மீனை எடை போட்டு, மீனவருக்கு ஒரு பங்கு, அரசுக்கோ மீன்வளர்ச்சிக் கழகத்துக்கோ ஒரு பங்கு. இரண்டாவது உரிமச் சீட்டு: வலைக்குக் கட்டணம், மீன் உன்னுடையது. மூன்றாவது மொத்தக் குத்தகை: ஏலத்தில் எடுத்தவர் மீனவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பார். தமிழ்நாட்டு அணைகளில் மூன்றுமே வெவ்வேறு காலத்தில் நடந்திருக்கின்றன. பங்கு முறையில் எடை மேடைக்கு வராமல் மீன் வெளியே போகும். உரிமச் சீட்டில் யார் குஞ்சு விடுவது என்ற கேள்வி அந்தரத்தில் நிற்கும். குத்தகையில் கடைசி ஆண்டு வலைக் கண்ணி சின்னதாகிவிடும்.

அணைக்குக் கீழே மீன்குஞ்சுப் பண்ணை. இன்னும் சீசன் தொடங்கவில்லை, தாய்மீன்களைத் தயார்படுத்துகிறார்கள். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஓடும் ஆற்றில் வெள்ளம் வந்தால் முட்டையிடுபவை, குளத்தில் தானாக இடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் ஹிராலால் சவுத்ரியும் அலிகுஞ்ஞியும் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு இடவைத்தார்கள். அதனால்தான் அந்தத் தேதி மீன் வளர்ப்போர் தினம். இப்போது சுரப்பியைத் தேடி மீன் தலையைப் பிளக்க வேண்டியதில்லை, ஓவாப்ரிம் என்ற ஹார்மோன் மருந்து குப்பியில் வருகிறது.

செய்முறை இது. பெண்மீனின் வயிறு மெத்தென்று உப்பி, கழிவாய் சிவந்து இருக்க வேண்டும். ஆணின் மார்புத் துடுப்பைத் தடவினால் சொரசொரவென்று இருக்கும், வயிற்றை லேசாக அமுக்கினால் பால் கசியும். பெண்ணுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.3 முதல் 0.5 மி.லி., ஆணுக்கு 0.1 முதல் 0.2. முதுகுத் துடுப்புக்குக் கீழே, செதிலைச் சற்றுத் தூக்கி, சதையில் ஊசி. மாலையில் போட்டால் நள்ளிரவுவாக்கில் வட்டத் தொட்டியில் முட்டை மிதக்கும். 14 முதல் 18 மணி நேரத்தில் பொரியும். அடுத்த மூன்று நாள் வயிற்றிலுள்ள மஞ்சள் கருதான் உணவு. நான்காம் நாள் வெளியே எடுப்பது நுண்குஞ்சு, இமை மயிர் நீளம். நாற்றங்கால் குளத்தில் 15 முதல் 20 நாள் வளர்த்தால் ஒரு அங்குலப் பொடிக்குஞ்சு. இன்னும் இரண்டு மூன்று மாதம் வளர்த்தால் 80 முதல் 100 மி.மீ. நீளமுள்ள விரலி.

நாற்றங்காலில் பாதிக்கு மேல் போய்விடுவது சாதாரணம். காரணம் பெரும்பாலும் பூச்சி. மல்லாந்து நீந்தும் நீர்ப்பூச்சி ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் குஞ்சைத் தின்றுவிடும். மருந்து எளிது: ஹெக்டேருக்கு 18 கிலோ சோப்பைக் கரைத்து 56 கிலோ தாவர எண்ணெயோடு கலக்கி, குஞ்சு விடுவதற்கு முந்தைய நாள் நீர்மேல் தெளிக்க வேண்டும். மூச்சு விட மேலே வரும் பூச்சியின் சுவாசத் துளையை எண்ணெய் அடைத்துவிடும். காற்றடிக்கும் நாளில் தெளித்தால் எண்ணெய் முழுக்க ஒரு கரையில் ஒதுங்கி, அத்தனையும் வீண்.

ஜூன், ஜூலையில் இங்கே நுண்குஞ்சு எடுத்தால் விரலி தயாராவது செப்டம்பர், அக்டோபரில். கண்மாய் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில். இயற்கை தன் பங்குக்குக் கணக்கைச் சரியாகத்தான் வைத்திருக்கிறது. பண்ணையில் முன்பதிவு செய்பவர்கள் யார் என்று விசாரித்தால் பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்களும் பக்கத்து மாவட்டத்துக்காரர்களும் என்கிறார்கள். கண்மாய் மீனை ஏலத்தில் எடுக்கும் குத்தகைதாரர்கள்? “அவங்க கடைசி நேரத்துலதான் வருவாங்கய்யா. என்ன இருக்கோ அதை அள்ளிட்டுப் போவாங்க.”

மூன்றாம் நாள், செவ்வாய்: சோழவந்தான் பக்கம்

வெற்றிலைக் கொடிக்கால், தென்னை, நெல். வைகைத் தண்ணீர் பாயும் ஊர்கள். நாங்கள் போன கண்மாயில் மடையை ஒட்டிய பள்ளத்தில் மட்டும் தண்ணீர். வலை இழுத்து முடித்து நான்கு நாள் ஆகிறது. கரையில் தெர்மோகோல் துண்டுகளும் செதிலும்.

குத்தகைதாரருக்கு ஐம்பது வயதிருக்கும். “ஏலம் முடிஞ்சு உத்தரவு கைக்கு வரும்போது கார்த்திகை பொறந்திருச்சுங்கய்யா. கண்மாய் ரொம்பி நிக்குது. விரல் நீளக் குஞ்சுக்கு எங்க போறது? கெடைச்ச பொடிக்குஞ்ச வாங்கி விட்டேன். பாதிக்கு மேல கெழுத்தியும் கொக்கும் தின்னுருச்சு.”

அவர் சொன்னதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். சராசரி நீர்ப்பரப்பு 20 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். தீனி போடாத பருவக் கண்மாய்க்கு ஹெக்டேருக்கு 2,500 விரலி போதும், ஆக 50,000. கட்லா 4, ரோகு 3, மிர்கால் 3 என்ற விகிதத்தில் 20,000, 15,000, 15,000. கட்லா மேல்மட்டத்திலும் ரோகு நடுவிலும் மிர்கால் அடிச்சேற்றிலும் மேயும், ஒன்றோடொன்று சண்டை இல்லை. விரலி விட்டால் பத்துக்கு மூன்று தேறும் என்று தாராளமில்லாமலே கொள்ளலாம்: 15,000 மீன். ஏழு மாதம் தண்ணீர் நின்று 600 கிராம் வந்தால் 9 டன். அதே கண்மாயில் தாமதமாகப் பொடிக்குஞ்சு விட்டால் பத்துக்கு ஒன்று தேறுவதே பெரிது: 5,000 மீன், நான்கரை மாதத்தில் 300 கிராம், ஒன்றரை டன். தண்ணீர், வலை, கூலி, ஏலத் தொகை எல்லாம் அப்படியே இருக்கின்றன. விலையும் எடைக்கு நேர்விகிதத்தில் இறங்குவதில்லை. கிலோவுக்கு மேலான கட்லா துண்டு போட்டு விற்கிற மீன், 300 கிராம் கட்லா முள்ளுக்குப் பயந்து ஒதுக்குகிற மீன்.

விரலியே வாங்கிவிடலாமே என்றால் அதிலும் சிக்கல். ஆக்சிஜன் அடைத்த ஒரு பாலித்தீன் பையில் பொடிக்குஞ்சு 500 முதல் 1,000 வரை போகும். விரலி நூறு போனால் அதிகம். 50,000 விரலிக்கு 500 பை வேண்டும். அதனால் தண்ணீர்த் தொட்டி வைத்த வண்டியில், காற்றுக்குழாய் போட்டுக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. முந்தின நாள் குஞ்சுக்குத் தீனி நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழியிலேயே கழிந்து, அம்மோனியா ஏறி, இறங்கும்போது வயிறு வெளுத்து மிதக்கும். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மற்றது ஆக்சிஜன். வந்ததும் பையைக் கட்டோடு கண்மாயில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு அவிழ்த்து, கண்மாய்த் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கலந்து, பையைச் சாய்த்துப் பிடித்தால் குஞ்சு தானாக நீந்திப் போகும். உச்சி வெயிலில் வந்து இறங்கி, நேரமாச்சு என்று பையைக் கிழித்துக் கொட்டுகிறவர்கள் அன்றைக்கே பாதியைக் கொன்றுவிடுகிறார்கள். இறந்த குஞ்சு உடனே மிதக்காது என்பதால் அது அவர்களுக்குத் தெரிவதுமில்லை.

நல்ல வழி பண்ணைக்குட்டை. ஆகஸ்டில் போர்த் தண்ணீர் விட்டு 20 சென்ட் அளவு குட்டையை நிரப்பி, ஹெக்டேருக்கு இரண்டரை லட்சம் கணக்கில் 20,000 பொடிக்குஞ்சை விட்டு, தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சரிபாதி போட்டு இரண்டு மாதம் வளர்த்தால் 12,000 விரலி நிச்சயம். கண்மாய்க்கரையிலேயே நான்கு குட்டை இருந்தால் 20 ஹெக்டேர்க் கண்மாய்க்கு அநேகமாகப் போதும். ஆகஸ்டில் குட்டை வெட்ட, கண்மாய் தன்னுடையது என்று ஆகஸ்டில் தெரிந்திருக்க வேண்டும். இங்கே அதுதான் இல்லை.

நான்காம் நாள், புதன்: காகிதம்

விடியலில் நகருக்குள்ளிருக்கும் ஒரு கண்மாய்க்கரை. சாக்கடை கலந்து பச்சைப் பாசி பிடித்த தண்ணீர். ஆறு மணிக்கு முன்னால் ஜிலேபிகள் மேலே வந்து வாய் பிளந்து நிற்கின்றன. பகலெல்லாம் ஆக்சிஜன் தரும் பாசி இரவில் அதையே குடிக்கும். லிட்டருக்கு 3 மி.கி.க்குக் கீழே போனால் கெண்டை வகைகள் திணறும். விடிவதற்குச் சற்று முன்தான் அது அடிமட்டம். வெயில் ஏறியதும் மீன் கீழே போய்விட்டது. இரண்டு நாள் மேகமூட்டம் போட்டால் போகாது. மறுநாள் செய்தித்தாளில் ‘மர்மமாக’ச் செத்து மிதக்கும்.

பிறகு ஒரு ஒன்றிய அலுவலகம். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேலிருந்தால் கண்மாய் நீர்வளத்துறைக்கு, குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. கரையும் மடையும், உபரிநீர் வழியும் கலுங்கும் இவர்கள் கையில். உள்ளே நிற்கும் கருவேல மரம் பல இடத்தில் சமூகக் காடு என்று வனத்துறைக் கணக்கில். தண்ணீர் ஆயக்கட்டுக்காரர்களுக்கு. மீன் மட்டும் ‘மீன்பாசி ஏலம்’ என்ற பெயரில் தனியாகப் போகிறது. ஒரே கண்மாய்க்குள் இத்தனை பேர்.

ஏலத்தின் நடைமுறை பொதுவாக இப்படி: நீர்ப்பரப்பு, தண்ணீர் நிற்கும் மாதம், முந்தைய ஆண்டுகளின் ஏலத்தொகை பார்த்துக் குறைந்தபட்ச மதிப்பு நிர்ணயம், அறிவிப்பு, டேவணி என்ற முன்பணம் கட்டியவர்கள் ஏலம் கேட்பது, மேலிடத்தின் உறுதி உத்தரவு. நிபந்தனைகளும் தெளிவானவை. பாசனத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது, மடையைத் தானாகத் திறக்கவோ அடைக்கவோ கூடாது, உள்குத்தகை விடக் கூடாது, வெடியும் விஷமும் கூடவே கூடாது. கடைசி இரண்டும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டத்திலிருந்தே இருப்பவை.

குத்தகை ஆண்டு என்பது பசலி. ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. அக்பர் காலத்து வரிவசூல் ஆண்டு. பசலி எண்ணோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். விளைச்சலைப் பார்த்து வரி வாங்க வைத்த கணக்கு, நெல்லுக்கு நன்றாகவே பொருந்துகிறது. மீனுக்கும் பொருந்தும், ஜூலையிலேயே ஏலம் முடிந்தால். முதல் ஏலத்துக்கு ஆள் வராமல் தள்ளிவைப்பு, மதிப்பு அதிகம் என்று முறையீடு, மறு ஏலம், உத்தரவுக்குக் காத்திருப்பு என்று புரட்டாசி வந்துவிடுகிறது. புரட்டாசியில் பாதி ஊர் மீன் சாப்பிடுவதுமில்லை, ஏலம் கேட்கவும் உற்சாகமில்லை. நாள் எத்தனை தள்ளிப் போனாலும் முடியும் தேதி மட்டும் ஜூன் 30தான்.

ஒரே ஆண்டுக் குத்தகை என்றால் குத்தகைதாரர் செய்வதெல்லாம் அவர் நோக்கில் நியாயமே. அடுத்த ஆண்டு யார் கைக்குப் போகுமோ தெரியாத கண்மாயில் 300 கிராம் மீனை விட்டுவைக்க அவருக்கு என்ன காரணம்? மே மாதம் மடைக்குக் கீழ் நிற்கும் கடைசி ஒரு முழத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தால் சினை மீன் முதல் சேற்றிலிருக்கும் விரால் வரை துடைத்து எடுக்கலாம். நிபந்தனை கூடாது என்கிறது. இரவு மோட்டார் ஓடுகிறது. கலுங்கில் மீன் தப்பிக்காமல் வலை கட்டுகிறார்கள். மழைக்காலத்தில் செத்தையும் ஆகாயத்தாமரையும் வந்து அதில் அடைத்தால் கரைக்கே ஆபத்து. அந்த நேரத்தில் வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்ப்பாய்ச்சி அரிவாளோடு போய் வலையை அறுப்பார், மறுநாள் பஞ்சாயத்து.

ஐந்து ஆண்டு கொடுத்தால் எல்லாம் சரியாகுமா? ஆகாது. நீண்ட குத்தகையில் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் வெளியூர்ப் பணக்காரர் எடுப்பதும், ஊர்க்காரருக்கு வலை இழுக்கும் கூலி மட்டும் மிஞ்சுவதும் பழைய கதை. எங்கள் கணிப்பில் மூன்று பசலி போதும்: முதல் ஆண்டு கற்றுக்கொள்ள, அடுத்த இரண்டு சம்பாதிக்க. அதைவிட முக்கியம் ஆடியில் ஏலம் முடிவது. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020இல் 20,050 கோடி ரூபாயோடு வந்தது. பொதுப் பிரிவுக்கு 40, பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 60 சதவீத மானியம். அதில் குட்டை வெட்டலாம், வண்டி வாங்கலாம். ஆனால் சொந்த நிலமோ நீண்ட குத்தகைப் பத்திரமோ காட்ட வேண்டும். ஒரு பசலிக்காரர் எதைக் காட்டுவார்?

அறிவிப்புப் பலகையில் போன ஆண்டின் ஏல அறிவிப்பு இன்னும் ஒட்டியிருக்கிறது. தேதி அக்டோபர்.

ஐந்தாம் நாள், வியாழன்: மேலூர் பக்கம்

பெரியாற்றுத் தண்ணீரின் நாடு. 1895இல் கட்டிய முல்லைப் பெரியாறு அணையின் நீர் மலையைக் குடைந்து வைகைக்கு வந்து, பேரணையிலிருந்து கால்வாயில் கிளம்புகிறது. கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர் வரை ஒருபோகம், செப்டம்பர் நடுவில் திறந்தால் உண்டு. ஆக இங்கே கண்மாய்க்குத் தண்ணீர் இன்னும் தாமதம்.

அதனாலோ என்னவோ, இந்தப் பக்கம் பல ஊர்களில் கண்மாய் மீனை ஏலத்துக்கு விடாமல் ஊருக்கென்றே வைத்துக்கொள்கிறார்கள். இன்று கொட்டாம்பட்டிப் பக்கத்து ஊர் ஒன்றில் மீன்பிடித் திருவிழா. அறுப்பு முடிந்து, ஆயக்கட்டுக்குத் தண்ணீர் வேண்டாம் என்று ஆன பிறகுதான் நாள் குறிப்பார்கள். விடியுமுன்பே கரை முழுக்கக் கூட்டம், யாரும் தண்ணீரில் காலை வைக்கவில்லை. ஊர்த் தலைவரான அம்பலக்காரர் சாமி கும்பிட்டு, துண்டை எடுத்து வீசினார். அவ்வளவுதான், ஊத்தா, கச்சா, தூரி, கொசுவலை, சேலை, கையில் எது இருந்ததோ அதோடு ஆயிரம் பேர் உள்ளே.

ஊத்தா பார்க்க எளிமையாக இருக்கும். மூங்கில் சிம்பைக் கூம்பாகப் பின்னி, அடியும் திறப்பு, மேலும் திறப்பு. உயரம் தொடை வரை. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே நச்சு நச்சென்று குத்திப் போக வேண்டும். உள்ளே மீன் அகப்பட்டால் சிம்பில் மோதும் அதிர்வு உள்ளங்கைக்கு வரும். உடனே அமுக்கிப் பிடித்துக்கொண்டு மேல்வாய் வழியாகக் கையை விட்டு எடுப்பது. தொடைக்கு மேல் தண்ணீர் இருந்தால் ஊத்தா பயன்படாது. அதுவே ஒரு விதி மாதிரி வேலை செய்கிறது: பள்ளத்தில் இருப்பது தப்பிக்கும். சிம்பு இடைவெளியில் சின்னதெல்லாம் நழுவும். கொசுவலையில் எதுவும் நழுவாது. இன்று பத்து ஊத்தாவுக்கு மூன்று கொசுவலையாவது இருந்தது, நமக்கு உறுத்தியது அதுதான்.

ஒரு மணி நேரத்தில் தண்ணீர் குழம்பாகிவிட்டது. கெண்டைகள் செவுளில் சேறேறி மேலே மிதக்க, பையன்கள் கையாலேயே பொறுக்குகிறார்கள். விராலும் குறவையும் கெளுத்தியும் அப்படி மாட்டாது. முதல் இரண்டும் காற்றையே சுவாசிக்கும். சேற்றில் புதைந்து அடுத்த மழை வரை தாக்குப்பிடிக்கும். அதனால்தான் ஏலம் விடாத, குஞ்சே விடாத இந்தக் கண்மாயில் ஆண்டுதோறும் மீன் இருக்கிறது. விரால் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் பந்துபோலக் கூடி நீந்த, தாயும் தகப்பனும் கீழே காவல் நிற்கும். பந்தைப் பார்த்துத் தூண்டில் போட்டுக் காவல் மீனைப் பிடித்துவிட்டால் அரை நாளில் குஞ்சு முழுக்க ஜிலேபிக்கு இரை. அந்தப் பருவத்தில் தூண்டில் போடக் கூடாது என்று இந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. எழுத்தில் இல்லை.

பிடித்ததை விற்கக் கூடாது என்பதும் அப்படித்தான். சாமிக்குப் படைத்துவிட்டு, சம்பந்தி வீடு வரை கொடுத்தனுப்புவார்கள். வாட்ஸ்அப் வந்த பிறகு சிவகங்கை, திண்டுக்கல், புதுக்கோட்டையிலிருந்தெல்லாம் வண்டி வந்து நிற்கிறது. “முன்னெல்லாம் தண்டோரா சத்தம் எதுவரைக்கும் கேக்குமோ அதுவரைக்கும்தான் கூட்டம் வரும்” என்றார் கரையில் நின்ற ஒரு பெரியவர்.

ஆறாம் நாள், வெள்ளி: நெல்பேட்டை

அயிரை. மதுரையில் மீன் பற்றி எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் போனால் ஊருக்குள் நுழைய முடியாது. விரல் நீளம்கூட இல்லாத மீன், அண்டாவில் உயிரோடு நெளிகிறது. செத்தால் விலை போகாது. வாங்கியவர் வீட்டில் தேங்காய்ப்பாலிலோ பசும்பாலிலோ விட்டு மண்ணைக் கக்கவைத்து, மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசிக் கழுவி, புளிக்குழம்பு கொதிக்கும்போது அப்படியே போட வேண்டும். நன்னீர் மீனில் இதற்குத்தான் கிலோ விலை உச்சம்.

இவ்வளவு விலை போகும் மீன் எந்தக் குத்தகைப் பத்திரத்திலும் தனியாக இல்லை. புதுத் தண்ணீர் வாய்க்காலில் பாயும்போது மணலும் மெல்லிய சேறும் உள்ள இடத்தில் எதிரேறி வரும். மடைவாயிலும் வரப்பு வெட்டிலும் பரி என்ற பொறி வைத்து, துணி விரித்துப் பிடிப்பார்கள். வாய்க்காலுக்குக் காங்கிரீட் போட்டால் தண்ணீர் கடைமடைக்கு வேகமாகப் போகும், உண்மை. அயிரை ஒளிய மணல் இருக்காது, அதுவும் உண்மை. முன்னது திட்ட அறிக்கையில் வருகிறது. பின்னது இந்த அண்டாவின் கொள்ளளவில் தெரிகிறது: விற்கும் அம்மா முன்பு இரண்டு அண்டா வைத்திருந்தாராம்.

பக்கத்துக் கடையில் ஆந்திரக் கட்லாவைத் துண்டு போடுகிறார்கள். ஜூன் 14 நள்ளிரவோடு கடல் திறந்துவிடும். அடுத்த 16ஆம் நாள் பசலி முடியும். சோழவந்தான் குத்தகைதாரருக்குப் போன் போட்டு, வைகை அணையில் இப்போதே குஞ்சுக்குப் பதிந்து வைக்கலாமே என்றோம்.

“எந்தக் கம்மாய்க்குன்னு பதியச் சொல்றீங்க?” என்றார்.